ஆன்ட்டி கையில மவுஸைக் கொடுங்க



இந்த வார எபிசோட் முழுக்க வகுப்பறையும் ஏஐயும்தான். மைக்கை அணைச்ச பிறகும் ஒரு கேள்வி மட்டும் சுத்திக்கிட்டே இருந்தது: நம்ம வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே ஒரு கருவியைக் கத்துக்கலாம்னா, அது எதுவா இருக்கணும்? என் பதில் கொஞ்சம் பழைய பதில். விக்கி.

சிரிக்காதீங்க. 1995 மார்ச்ல வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைப் பொதுவுல வெச்சார். ஹவாய் மொழியில் விக்கின்னா 'சீக்கிரம்'. அதோட அடிப்படை இன்னும் மாறல: பக்கத்தைப் படிக்கிறவங்களே அதைத் திருத்தலாம். இன்னைக்கு விக்கிகள்ல யார் எதை மாத்தினாங்கன்னு வரலாறும் இருக்கும், தப்பா போனா பழைய நிலைக்குத் திருப்பலாம்.

அமெரிக்க ஆசிரியர்கள் இதை 2005, 2006 வாக்கிலேயே வகுப்புக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. ஜார்ஜியாவின் கமில்லாங்கற சின்ன ஊர்ல இருந்த விக்கி டேவிஸும், வங்காளதேசத்தின் டாக்காவுல இருந்த ஜூலி லிண்ட்சேயும் 2006ல தங்கள் மாணவர்களை ஒரே விக்கியில எழுத வெச்சாங்க. 'ஃப்ளாட் கிளாஸ்ரூம்'னு அந்தத் திட்டத்துக்குப் பேர்.  கருவியைக் கத்துக்கிட்ட ஆசிரியர்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துல பல ஆசிரியர்கள் பயன்படுத்தின விக்கிஸ்பேசஸ் நம்ம பே ஏரியா கம்பெனிதான், சான் பிரான்சிஸ்கோ. 2018ல அதை மூடிட்டாங்க. எடுத்து வெச்சுக்காதவங்களோட பாடங்கள் அதோட போச்சு. 2020 டிசம்பர்ல யாகூ குழுமங்களும் போயிடுச்சு. கருவியைக் கத்துக்கிறது பாதி வேலைதான். எழுதினது எங்கே தங்கும்னு யோசிக்கிறது மீதிப் பாதி.

நம்ம பக்கம் வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003ல தொடங்கியது. இலங்கையில பிறந்து வளைகுடாவுல வேலை பார்த்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் ஆரம்ப வருஷங்கள்ல அதைத் தோள்ல சுமந்தவர். 2017ல தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவுல எழுதப் பயிற்சி கொடுத்தது. தமிழ் விக்கி ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டதும் அதே வருஷம்தான்.

அப்படி ஒரு பயிற்சியில ஒரு ஆசிரியருக்கு எது கஷ்டம்? தமிழ்த் தட்டச்சு முதல் தடை, ஆனா சில நாள்ல பழகிடும். அடுத்தது காப்புரிமை: பாடப்புத்தகத்துல இருக்கிறதை அப்படியே எடுத்துப் போட முடியாது. மூணாவது நடை: 'மாணவச் செல்வங்களே'ன்னு கலைக்களஞ்சியத்துல ஆரம்பிக்க முடியாது. இதெல்லாத்தையும் விடப் பெரிய கஷ்டம் ஒண்ணு இருக்கு. இருபது வருஷமா சிவப்புப் பேனா பிடிச்ச கை எழுதினதை, முகம் தெரியாத ஒருத்தர் வந்து திருத்துவார். 'சான்று தேவை'ன்னு ஒட்டிட்டுப் போவார். சில சமயம் அவருக்கு வயசு பதினேழா இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை விக்கியோட முக்கியமான பாடமே இதுதான். பட்டன்களை எந்த யூட்யூப் வீடியோவும் கத்துக்கொடுக்கும். நாலு பேர் பார்க்க எழுதி, நாலு பேர் திருத்த விடறதுக்குத்தான் பழக்கம் வேணும்.

இப்போ நம்ம பள்ளிகளைப் பாருங்க. 1998ல பே ஏரியாவுல தொடங்கின கலிஃபோர்னியா தமிழ்க் கழகத்துல இன்னைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைங்க படிக்கிறாங்க. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து வார இறுதியில வகுப்பு நடக்குது. சொல்லிக்கொடுக்கிறவங்க பெரும்பாலும் தன்னார்வலர்கள். வாரம் முழுக்க வேலை, வார இறுதியில தமிழ். அவங்க செஞ்ச படக்கதை, சொல் விளையாட்டு, 'ல-ள-ழ' பயிற்சி எல்லாம் எங்கே இருக்கு? வாட்ஸ்அப் குழுவுலயும் அவங்க சொந்த கூகுள் டிரைவுலயும். பிள்ளை காலேஜுக்குப் போனதும் பல ஆன்ட்டிகள் பள்ளியில இருந்து விலகிடறாங்க. பாடமும் கூடவே போயிடுது. அடுத்த செப்டம்பர்ல புது ஆன்ட்டி ஒருத்தர் அதே 'ல-ள-ழ' பயிற்சியை ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி முதல்ல இருந்து தயார் பண்றாங்க.

'அதான் ஏஐ இருக்கே, பத்து செகண்டுல ஒர்க்ஷீட் வந்துடுமே'ன்னு கேட்பீங்க. வரும். நானும் பயன்படுத்துறேன். ஆனா அது தர்ற தமிழ் எல்லாத்தையும் இஸ்திரி போட்ட தமிழ். ஒரு விக்கிப் பக்கத்துல 'பேசு'ங்கற சொல்லை வெச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்து ஆசிரியை வந்து 'நாங்கள் கதைக்கிறது எண்டு சொல்லுவம்'னு சேர்ப்பாங்க. நாகர்கோவில் மாமா 'எங்க ஊர்ல பறையுறதும்பாங்க'ன்னு ஒரு வரி போடுவார். அடுத்த வருஷம் வர்ற பிள்ளைக்கு அந்த மூணும் கிடைக்கும். இன்னொண்ணு: மொழி மாதிரிகள் படிச்சு வளர்ற தீனியில விக்கிப்பீடியாவுக்கும் பங்கு உண்டு. நம்ம ஆளுங்க எழுதாத தமிழ், நாளைக்கு மெஷினுக்கும் தெரியாது.

நியாயமான தயக்கங்களும் இருக்கு. பிள்ளைங்க பேர், படம், பள்ளி விவரம் எதையும் பொது விக்கியில போடக் கூடாது. வரலாற்றுப் பக்கம் எதையும் லேசுல மறக்காது. பதிமூணு வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குக் கணக்கு திறக்கிறதுக்குப் பதிலா ஆசிரியரே எழுதட்டும், பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லட்டும். பாடத்திட்டத்தை விக்கிப்பீடியாவுல போட்டா நீக்கிடுவாங்க, அது கலைக்களஞ்சியம். பாடத்துக்கு இடம் விக்கிநூல்கள், சொல்லுக்கு இடம் விக்சனரி. எங்க எழுதினாலும் சொந்தமா ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கணும்.

சரி, இதுல நீங்க எங்க வர்றீங்க? இதைப் படிக்கிற நிறையப் பேர் அந்த வகுப்புகள்ல உட்கார்ந்து 'அ, ஆ' எழுதினவங்க. கணினியில அவங்களை விட வேகம். அதனால நாம வழக்கமா என்ன செய்றோம்? 'தள்ளுங்க ஆன்ட்டி, நான் பண்ணிடறேன்'னு மவுஸைப் பிடுங்கி அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறோம். அது உதவி மாதிரி தெரியும். ஆனா அடுத்த வாரம் அவங்க மறுபடி நமக்காகக் காத்திருக்கணும்.

அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல்ல 'வரலாறு' பக்கத்தைக் காட்டுங்க. ஒரு பத்தியை வேணும்னே அழிச்சு, திரும்பக் கொண்டுவந்து காட்டுங்க. இதுக்கு மணல்தொட்டி இருக்கு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. எதையும் நிரந்தரமா உடைக்க முடியாதுன்னு கண்ணால பார்த்தா பாதி பயம் போயிடும். அப்புறம் 'தொகு'வை அவங்க அழுத்தட்டும். அவங்க ஊர்ச் சொல் ஒண்ணு, ஒரே ஒரு வரி. நேரம் மிச்சம் இருந்தா லிங்குவா லிப்ரேயில பத்துச் சொல்லை அவங்க குரல்ல பதிவு பண்ணுங்க. அது பொதுவகத்துல சேரும், உலகத்துல யாரும் கேட்கலாம்.

இதுல ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கு. அவங்க இணைப்பு கொடுக்கத் தெரியாம திணறும்போது நீங்க சொல்லிக்கொடுப்பீங்க. நீங்க 'பள்ளி'யைப் 'பல்லி'ன்னு எழுதும்போது அவங்க திருத்துவாங்க. ரெண்டு பேர் திருத்தமும் ஒரே வரலாற்றுப் பக்கத்துல, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா நிற்கும். வகுப்புல ஒரு பக்கம் மட்டும் ஓடின சிவப்புப் பேனா, அங்கே ரெண்டு பக்கமும் ஓடும்.

தமிழ்ப் பள்ளியை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு கணக்குப் பார்க்க வேண்டாம். உங்க பழைய ஆசிரியர் யாராவது இன்னும் அந்தக் கூகுள் டிரைவை வெச்சிருக்காங்களான்னு ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க. இருந்தா, அது அழியறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமையைக் குறிச்சுடுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.