நோயாளி நடப்பதா, கருவி நடப்பதா?

கோவிட் கொள்ளைநோய் என்றதும் முகக்கவசமும் தடுப்பூசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனையின் ஒரு மூலையில் இருக்கும் எக்ஸ் கதிர்ப் பிரிவை யாரும் நினைப்பதில்லை. ஆனால் எலும்பு முறிந்தவர், இருமல் நிற்காதவர், புற்றுநோயாளி என எல்லா வார்டுகளிலிருந்தும் மக்கள் வந்து கூடும் சந்தி அதுதான். ஒரே மேசையில் ஒருவர்பின் ஒருவராகப் படுக்கிறார்கள். தொற்றுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

2020இல் இந்தச் சிக்கல் வெளிப்பட்டது. ஒருவருக்குப் படம் எடுத்தபின் அறையைத் துடைத்து, காற்று மாறும்வரை காத்திருந்துதான் அடுத்தவரை அழைக்க முடிந்தது. ஊரடங்கும் அச்சமும் சேர்ந்து மற்ற நோயாளிகளை வீட்டிலேயே நிறுத்திவிட்டன. இந்தியாவில் 2019இல் பதிவான காசநோயாளிகள் ஏறத்தாழ 24 லட்சம் பேர். 2020இல் 18 லட்சம். நோய் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. விடுபட்டவர்களில் பலர் இருமிக்கொண்டே வீட்டில் இருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

ஆகவே, இனி நோயாளி கருவியைத் தேடி நடப்பதைக் குறைத்து, கருவி நோயாளியைத் தேடிப் போக வேண்டும் என்பது என் கருத்து.

இது புதிய எண்ணமன்று. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது மேரி கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் எக்ஸ் கதிர்க் கருவிகளை ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பினார். வண்டியின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது. அவருக்குத் துணை நின்ற மகள் ஐரீனுக்கு அப்போது வயது 17. உங்களைவிட ஓரிரண்டு வயதுதான் மூத்தவர்!

கோவிட் காலத்தில் சில மருத்துவமனைகள் இன்னொரு தந்திரம் செய்தன. நோயாளியும் படம் பதியும் தட்டும் அறைக்குள்ளே இருக்க, கருவியை வெளியே நிறுத்திக் கண்ணாடிக் கதவின் வழியாகவே கதிரைச் செலுத்தினார்கள். கருவியில் தொற்று படவில்லை. தொலைவு இரு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். அதற்கும் கண்ணாடி விழுங்குவதற்கும் ஈடாகக் கதிரைச் சற்றே கூட்டினால் போதும். எளிய கணக்கு, பெரிய பயன்.

மாறாக, தேவையில்லாமல் சி.டி. எடுக்கக் கூட்டம் அலைமோதியதை நான் ஏற்கமாட்டேன். மார்பு எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றுக்கு ஆகும் கதிரளவு சுமார் 0.1 மில்லிசீவர்ட், வழக்கமான மார்பு சி.டி.க்கு 6 அல்லது 7. இயற்கையிலிருந்து உலகில் ஒருவர் ஓராண்டில் பெறும் சராசரி அளவே 2.4தான். அறிகுறி தோன்றிய முதல் இரண்டொரு நாளில் சி.டி. எடுத்தால், தொற்று இருந்தும் நுரையீரல் பழுதின்றித் தெரியலாம். கோவிட் உண்டா என்று அறியும் முதற்சோதனையாகச் சி.டி.யைக் கொள்ள வேண்டாம் என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. கேட்டவர்கள்தாம் குறைவு.

நல்ல மாற்றங்களும் தொடங்கிவிட்டன. மார்புப் படத்தில் காசநோய்க் குறிகளைத் தேடும் கணிப்பொறி நிரல்களை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. 2024 டிசம்பரில் இந்தியா தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ் கதிர்க் கருவிகள் ஊர்களுக்கே போயின. சில கருவிகளின் எடை நான்கு கிலோகூட இல்லை. புத்தகப்பை இதைவிடக் கனக்கும்.

சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் அப்படித் தூக்கிச் செல்ல முடியாதே என்பீர்கள். சரிதான். அவற்றை நெருக்கடி மருத்துவமனையிலிருந்து பிரித்து வேறு கட்டடத்தில் வைக்கலாம். இங்கிலாந்தில் 2021 முதல் திறக்கப்பட்டுவரும் சமூக நோயறி மையங்கள் இந்த வழியில் அமைந்தவை.

ஒன்று மட்டும் மறக்கப்படுகிறது. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். அதை இயக்குபவரின் பயிற்சிக்கு ஒதுக்குவதில்லை. கியூரி அம்மையார் வண்டிகளோடு நிற்கவில்லை. ஏறத்தாழ 150 பெண்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்த பிறகே அவர்களைப் போர்முனை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்.