காகிதத்தை எடைக்குப் போடச் சொல்லும் கனவான்களுக்கு!

"எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, பழைய காகிதக் கட்டு இனி எதற்கு? எடைக்குப் போடுங்கள்!" என்று உபதேசிக்கும் கனவான்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் காரியாபட்டிக்கு வந்து எங்கள் கதையைக் கேட்கட்டும்.

2002ஆம் வருஷம் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராக நடந்து, குடியிருக்க மனை இல்லாத விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் பட்டியலை எழுதினோம். டி.டி.பி. சென்டரில் டைப் செய்து மனுவோடு கொடுத்தோம். நகலைப் பிளாப்பியில் பத்திரப்படுத்தினோம். சென்ற வருஷம் பழைய பட்டியலைக் காட்டச் சொன்னார்கள். பிளாப்பியைப் படிக்கும் கருவியை மதுரையில் அலைந்து பிடித்தோம். கோப்பு திறந்தது, ஆனால் ஒரு பெயரும் இல்லை! ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பை! எந்த எழுத்துருவில் டைப் செய்தார்கள் என்று சொல்ல அந்தக் கடையும் இன்றில்லை. கைகொடுத்தது எது? ஒரு தோழரின் தகரப் பெட்டியில் கிடந்த, கையால் எழுதிய நாற்பது பக்க நோட்டு!

இது விதியா? இல்லை. தமிழ் எழுத்துகளுக்குக் கம்பெனிக்கு ஒரு குறியீடு வைத்து விற்ற காலத்தின் விளைவு. ஒருவரின் சரக்கில் டைப் செய்ததை மற்றவரின் சரக்கில் படிக்க முடியாது. எழுத்து மக்களுடையது, சாவி மட்டும் வியாபாரியுடையது! 1999இல்தான் தமிழக அரசு டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளை அறிவித்தது. 2010 ஜூனில் யூனிகோடும் டேஸ்-16உம் தரமாயின. நல்லது. ஆனால் உத்தரவு போட்டவுடன் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுமா?

இங்கிலாந்தைப் பாருங்கள். 1086இல் வில்லியம் மன்னனின் ஆட்கள் தோலில் எழுதிய நிலக் கணக்கை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பி.பி.சி. ஒளித்தட்டில் தயாரித்த புதிய கணக்கோ பதினைந்தே வருஷத்தில் படிக்கக் கருவியின்றித் திண்டாடியது! அதை மீட்க நிபுணர்கள் பெரும்பாடு பட வேண்டியதாயிற்று.

அப்படியானால் நாம் கம்ப்யூட்டருக்கு விரோதிகளா? ஒருபோதும் இல்லை! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் கூலி வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டெழுதினார்கள். பழைய குறியீட்டில் இருந்தவற்றை யூனிகோடுக்கும் மாற்றினார்கள். யாரும் பிரதி எடுக்கலாம். பூட்டு இல்லாததால் அவை பிழைத்தன.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பழைய எழுத்துருவில் உள்ள அரசாங்கக் கோப்புகள் அனைத்தையும் அரசாங்கமே தன் செலவில் மாற்ற வேண்டும். எவரும் திறக்கக்கூடிய பொது வடிவத்திலேயே சேமிக்க வேண்டும். கிராமக் கணக்குகளின் காகித மூலத்தை அழிக்கக் கூடாது.

தோழர்களே! நம் சங்க அலுவலகப் பீரோவிலும் பிளாப்பியும் சி.டி.யும் தூங்குகின்றன. இந்த வாரமே எடுத்துத் திறந்து பாருங்கள். திறப்பதை மாற்றி மூன்று இடத்தில் வையுங்கள். காகிதத்திலும் ஒரு பிரதி எடுங்கள். மனைப் பட்டா கேட்டு நிற்பவனுக்கு அந்தப் பட்டியலில் உள்ள பெயர்தான் சாட்சி. அந்தச் சாட்சியைக் குப்பையாக விடலாகாது!