பிரிந்தனவா, பிரித்தனரா?

இலங்கை மலையகத் தமிழரைப் பற்றிக் கட்டுரை எழுதிய பள்ளி மாணாக்கன் ஒருவன், "1964ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி உடன்படிக்கையால் பல குடும்பங்கள் பிரிந்தன" என்று ஒரு தொடரை அமைத்திருந்தான். எழுத்துப்பிழை இல்லை, புணர்ச்சிப்பிழை இல்லை, எழுவாயும் பயனிலையும் இயைந்தே நிற்கின்றன. திருத்துவோர் எவரும் சிவப்பு மையைத் தொடாமலே கடந்துவிடுவர். ஆயினும் அத்தொடர் பொய்யுரைக்கின்றது. அப்பொய் அவன் கட்டியதன்று. தாளிகைகளும் வானொலியும் நாள்தோறும் அவன் செவியில் ஊட்டியது.

நடந்ததென்ன? இந்திய அரசும் இலங்கை அரசும் மலையகத் தமிழர் ஏறத்தாழ 9,75,000 பேரை, அவர்தம் இசைவைப் பெறாமலே எண்ணிக்கையிட்டுக் கூறுபோட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, 1974இல் பாதிப்பாதியாகப் பகுத்துக்கொண்டன. மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்து அந்நாட்டை வாழவைத்த குடிகளுள் அண்ணன் ஒரு நாட்டானாகவும் தம்பி மற்றொரு நாட்டானாகவும் ஆனார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய தாய், பின்தங்கிய மகளைப் பிரிந்தாளா? பிரிதல், பிரிவோரின் உள்ளத்திலே தோன்றும் வினை. அவள் உள்ளத்தில் அது தோன்றவே இல்லை. பிரித்தவர் வேறிடத்தில் இருந்தனர்.

தமிழில் 'பிரி' என்னும் பகுதி தன்வினையாகவும் நிற்கும், பிறவினையாகவும் நிற்கும். பிரிந்தான், பிரிகின்றான், பிரிவான் என்பன தன்வினை. பிரித்தான், பிரிக்கின்றான், பிரிப்பான் என்பன பிறவினை. இறந்தகாலத்தில் இவ்விரண்டையும் வேறாக்குவது ஒரே ஒரு மெய்யெழுத்து. நகரமெய் நின்ற இடத்தில் தகரமெய் வந்தவுடன், செய்தவன் யார் என்னும் வினா எழுந்துவிடுகின்றது. சேர்ந்தது – சேர்த்தது, அழிந்தது – அழித்தது, முறிந்தது – முறித்தது என இவ்வழி நடக்கும் வினைகள் பல. மெல்லெழுத்துத் தானே நிகழ்ந்ததைச் சொல்ல, வல்லெழுத்துக் கை வைத்தவனைக் காட்டும். இத்துணை நுட்பமான கருவியை வைத்துக்கொண்டு, காட்ட வேண்டிய இடத்திற் காட்டாமல் மறைப்பதற்கு மொழி என்ன குற்றம் செய்தது?

'பிரிக்கப்பட்டன' என்று எழுதினால் போதாதா என்பர் சிலர். அரைப்பங்கு உண்மை அதில் உண்டு. பிறர் செய்தது என்ற அளவுக்கு அது ஒப்புக்கொள்கின்றது. ஆனால் செய்தவன் பெயரைச் சொல்லாமலே தொடரை முடித்துக்கொள்ள அது வழி விடுகின்றது. ஆங்கில அலுவற்றாள்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் போய், இந்தப் 'படு' தமிழ் உரைநடையிற் களையெனப் பெருகிற்று. 1947இல் பஞ்சாபும் வங்காளமும் பிரிக்கப்பட்டன என்னும் நூல்களிற் பல, கோடு கிழித்தவர் அதற்குமுன் இந்தியாவுக்கு வந்தறியாத இராட்கிளிப் என்னும் ஆங்கில வழக்குரைஞர் என்பதைக் கூறுவதில்லை. 'பிரித்தார்' என்று எழுதத் தொடங்கினால் எழுவாய் வந்தே தீர வேண்டும்.

கற்றவர் ஒருவர் தொல்காப்பியத்தைக் காட்டி மறுக்கலாம். செயப்படுபொருளையே செய்ததுபோல வைத்துக் கூறுவதும் வழக்கே என்று தொல்காப்பியர் இடந்தந்திருக்கின்றார்; மெழுகப்பட்ட திண்ணையைத் திண்ணையே மெழுகியதுபோற் சொல்வதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். உண்மை. ஆனால் திண்ணையை மெழுகியவள் யார் என்பதில் அவ்வீட்டில் எவர்க்கும் வழக்கில்லை. அதனாலேயே அவளைச் சொல்லாது விடலாயிற்று. ஒரு மக்களினத்தின் நிலத்தையும் குடியுரிமையையும் பற்றிய வழக்கில் அச்சலுகையைக் கேட்பது இலக்கணமாகாது.

இவ்வளவும் பிறரை நோக்கிய குறை. தமிழியக்க மேடைகளிலும் இவ்வினை பிழைபடவே வழங்குகின்றது. "தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் தமிழகத்திலிருந்து பிரிந்தன" என்று முழங்குகின்றனர். சற்றே கற்றவர் "பிரிக்கப்பட்டன" என்கின்றனர். இரண்டும் தவறு. அவை அதற்குமுன் சென்னை மாநிலத்தில் இருந்தனவல்ல. திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்தொடு சேர்ந்தபோது, அவ்விரு வட்டங்களையும் சேர்க்க மறுத்தனர். 'சேர்க்க மறுத்தனர்' என்பதே உண்மை. அதுவே வலிமையும் ஆகும். 'பிரிந்தன' என்று சொன்னவனை நோக்கி, "என்றைக்கு ஒட்டியிருந்தன?" என்று எதிரி ஒரு வினா வினவினால், முறையான வேண்டுகையும் அவன் வாயிலே தோற்றுப்போகும். வடவெல்லையிலோ நிலைமை வேறு. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. அங்கே தன்வினை பொருந்தும், அம்மக்கள் வேண்டிப் பெற்றனராதலின். சித்தூர் மாவட்டத்துத் தமிழ் ஊர்கள் பிரிந்தனவல்ல. அவற்றைப் பிரித்து ஆந்திரத்தொடு சேர்த்தனர். போராடி மீட்ட திருத்தணி 1960இல் திரும்பிற்று. ஒரே நிகழ்ச்சியில் இரண்டு வினைகள் வேண்டியிருத்தலைக் காண்க.

உருபுகளிலும் கருத்து வேண்டும். ஒருவர் மற்றொருவரை நீங்குமிடத்து 'ஐ' உருபே தமிழ் மரபு: தலைவன் தலைவியைப் பிரிந்தான். "தலைவியிடமிருந்து பிரிந்தான்" என்பது பெயர்ப்பு நடை. முழுமையிலிருந்து ஒரு கூறு நீங்குமிடத்து 'இலிருந்து' பொருந்தும்: கட்சியிலிருந்து பிரிந்தனர். வேறுபடுதலுக்கு ஐந்தாம் வேற்றுமை: இது அதனின் வேறுபட்டது. "அதைவிட வேறுபட்டது" என்று இப்பொழுது பரவிவரும் தொடர் பொருளற்றது. 'விட' மிகுதி குறைவைக் காட்டுவது, வேறாதலில் மிகுதி ஏது? மாறுபடுதல் எதிர்நிற்றலாதலின் அதனை வேறுபடுதலொடு குழப்பலாகாது. கருத்து வேறுபட்ட நண்பரை 'மாறுபட்டவர்' என்று ஒரு தாளிகை எழுதியதனால் முறிந்த நட்புகளும் உண்டு.

அம்மாணாக்கனின் தாளுக்கு மீண்டும் வருவோம். அவன் தொடரில் மாற்ற வேண்டியவை மிகுதியில்லை. உடன்படிக்கை என்னும் அஃறிணையின் பின்னே நிற்கும் இரண்டு அரசுகளை எழுவாயாக்குக; குடும்பங்களுக்கு 'ஐ' தருக; நகரமெய்யைத் தகரமெய்யாக்குக. "1964இல் இந்திய அரசும் இலங்கை அரசும் மலையகத் தமிழ்க் குடும்பங்களைப் பிரித்தன."