எஸ்ஓபி எழுதும் முன் அப்பாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஃபைனல் இயர் மக்களே, இப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்புல மூணு வகை ஆட்கள்தான் இருக்காங்க. பிளேஸ்மென்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், கேட் தேர்வுக்குப் படிப்பவர்கள், "ஃபால் இன்டேக்" என்று பேசுபவர்கள். நான் மூணாவது வகை. வெளிநாட்டில் எம்பிஏ, இல்லைன்னா மேனேஜ்மென்ட்டில் மாஸ்டர்ஸ். இந்தக் கட்டுரையும் அந்த மூணாவது வகைக்குத்தான்.

போன மாசம் ஒரு ராத்திரி, எஜுகேஷன் லோன் ஃபார்மை எடுத்துக்கிட்டுப் போய் அப்பா முன்னாடி வைத்தேன். கடன் என் பெயரில்தான். ஆனால் கூட்டு விண்ணப்பதாரர் அப்பா. அடமானம் கங்கைகொண்டானில் இருக்கிற எங்க வீட்டுப் பத்திரம். அப்பா ஃபார்மைப் புரட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கையெழுத்து போடுதேன்ல. அங்க போயி எதப் படிக்கப் போற, எதுக்குப் படிக்கப் போற? அத மட்டும் சொல்லு."

"குளோபல் எக்ஸ்போஷர்ப்பா. அப்புறம் லீடர்ஷிப் ஸ்கில்ஸ்" என்றேன்.

"அப்படின்னா என்னல?"

என்னிடம் பதில் இல்லை. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷில் கேட்டிருந்தால் பத்து நிமிஷம் பேசியிருப்பேன். தமிழில் சொல்லப் போனப்பதான் உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சது. அந்த வார்த்தைகள் என்னுடையவை இல்லை. எங்கேயோ படித்தவை.

பிசினஸ் ஸ்கூல் விண்ணப்பத்தில் மார்க், ஜிமேட் ஸ்கோர், ஐஇஎல்டிஎஸ் எல்லாம் இருக்கும். ஆனால் விண்ணப்பத்தின் நடுவில் நிற்பது அப்பா கேட்ட அதே கேள்விதான்: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது, முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்? நாம் அந்த ஒரு கேள்வியைத்தான் காசு கொடுத்து வேறு ஆளிடம் எழுத விடுகிறோம். நானும் ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டினேன். "சின்ன வயதிலிருந்தே வணிக உலகம் என்னை ஈர்த்தது" என்று தொடங்கும் ஒரு எஸ்ஓபி வந்தது. என் நண்பனுக்கு வந்ததும் அதே முதல் வரிதான். அவன் அப்பா விவசாயி, என் அப்பா ஷிஃப்ட் வேலைக்காரர். ரெண்டு பேரையும் எப்படி ஒரே வணிக உலகம் ஈர்த்தது என்று எங்களுக்கே தெரியவில்லை.

இது சும்மா கேலி பண்ணிட்டுப் போகிற விஷயம் இல்லை. கணக்கைப் பாருங்க. கல்விக் கடனில் பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். அதுக்கு மேலே சொத்து அடமானம். வெளிநாட்டு எம்பிஏ பெரும்பாலும் அந்த 7.5 லட்சத்துக்குள் முடியாது. 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷ வட்டி மட்டும் 4 லட்சத்து 40 ஆயிரம். 10 வருஷத்தில் அடைக்க மாச இஎம்ஐ சுமார் 55,000 ரூபாய். படிக்கும்போது கட்ட வேண்டாம் என்பார்கள். அப்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த 55,000-ஐ இந்தியச் சம்பளத்தில் கட்டுவது கஷ்டம். அதனால் படித்த நாட்டிலேயே வேலை கிடைக்கணும். அது உங்கள் கையில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் படித்து முடித்தால் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு ஸ்டெம் பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம். எல்லா எம்பிஏ-வும் அந்தப் பட்டியலில் கிடையாது. அதுக்கப்புறம் எச்-1பி. பொது ஒதுக்கீடு வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. உலகமே போட்டி போடும் இடம் அது. பிரிட்டனில் படிப்பு முடித்தபின் தங்கும் காலம் இரண்டு வருஷம் என்று இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதாவது நீங்கள் விண்ணப்பிக்கும்போது இருக்கிற விதி, பட்டம் வாங்கும்போது இருக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் பத்திரம் வங்கியில் இருக்கும். அது உறுதி.

அப்போ போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. பதில் இல்லாமல் போகாதீங்க என்கிறேன். பதில் பெரும்பாலும் வேலைக்குப் போனபிறகுதான் வரும்.

பெரிய எம்பிஏ பள்ளிகளில் சேருகிறவர்கள் சராசரியாக நான்கைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள். சிபாரிசுக் கடிதம்கூட நம்ம எச்ஓடி-யிடம் கேட்பதில்லை. வேலையில் உங்களுக்கு மேலே இருந்தவரிடம் கேட்கிறார்கள். சென்னைக்காரரான இந்திரா நூயி கல்கத்தா ஐஐஎம் முடித்து, இங்கேயே வேலை பார்த்த பிறகுதான் 1978-ல் யேல் போனார். அங்கே செலவுக்கு ராத்திரி ரிசப்ஷனிஸ்ட் வேலையும் பார்த்தார். கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் இயற்பியல் படித்து, ஒரு கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்து, அப்புறம் அகமதாபாத் ஐஐஎம், அதுக்கப்புறம்தான் ஹார்வர்டு.

அந்த ஹார்வர்டில் என்ன பாடம் நடக்கிறது தெரியுமா? 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை. 1993-லேயே அதைக் கேஸ் ஸ்டடியாக எழுதிவிட்டார்கள். பிரகலாத் 2004-ல் எழுதிய புத்தகத்திலும் அரவிந்த் உண்டு. நம்ம தாத்தா, ஆச்சி கண்புரைக்குப் போன ஆஸ்பத்திரியை அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நாமோ எஸ்ஓபி-யில் நம்ம ஊர்ப் பெயர் வந்துவிடக் கூடாது என்று "ஒரு வளரும் நாட்டின் சிறு நகரம்" என்று எழுதுகிறோம்.

கங்கைகொண்டானில் என்ன இல்லை? ஒரு பக்கம் புள்ளிமான் சரணாலயம், ஒரு பக்கம் சிப்காட். டயர் செய்கிறார்கள். 2025 பிப்ரவரியில் 4.3 ஜிகாவாட் சோலார் ஆலையை முதலமைச்சர் வந்து திறந்து வைத்தார். என் மாமா ஒருவர் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்க ரெண்டு வேன் ஓட்டுகிறார். பில் கொடுத்தால் பணம் வர மூணு மாசம் ஆகும். டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் அவர் வட்டிக்கு வாங்குகிறார். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும் என்று 2006-ம் வருஷச் சட்டமே இருக்கு. மாமாவுக்கு அது தெரியும். கேட்டால் அடுத்த கான்ட்ராக்ட் வராது என்பதும் தெரியும்.

அப்பா கேட்டு நான் முழித்த அந்த ராத்திரிக்கு அப்புறம் ரெண்டு வாரம் இதைத்தான் யோசித்தேன். ஏன் பெரிய கம்பெனியின் செலவைச் சின்ன ஆள் வட்டி கட்டிச் சுமக்கிறான்? வேறு நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? இதை ஒழுங்காகப் படிக்கணும். இதை அப்பாவிடம் தமிழில் சொன்னேன். "இது சரி. ஆனா இதுக்கு மொதல்ல ஒரு கம்பெனில கணக்கு எப்படி ஓடுதுன்னு பாக்க வேண்டாமால?" என்றார். எந்த அட்மிஷன் கமிட்டியும் இதைவிட நல்லா சொல்லியிருக்காது.

ஒரு எதிர்வாதம் உண்டு. அதை என் கிளாஸ் தோழி ஒருத்தி சொன்னாள். "உனக்கு ரெண்டு வருஷம் வெயிட் பண்றது ஈஸி. எனக்கு ரெண்டு வருஷம்னா வீட்ல மாப்பிள்ளை பார்த்துருவாங்க. இப்போ போனாத்தான் உண்டு." இதுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அவள் சொல்வது உண்மை. அப்படி இருப்பவர்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லலாம். ஒண்ணு, ஹார்வர்டின் 2+2 மாதிரி சில திட்டங்களில் ஃபைனல் இயரிலேயே விண்ணப்பித்து, இடத்தை உறுதி செய்துகொண்டு, வேலை பார்த்துவிட்டுச் சேரலாம். போட்டி கடுமை, ஆனால் கையில் அட்மிஷன் லெட்டர் இருந்தால் வீட்டில் பேச்சு மாறும். ரெண்டு, ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு வருஷத்துக்குச் சுமார் 12,000 யூரோ கணக்கில் காட்டணும். அதுவும் சின்னத் தொகை இல்லை, ஆனாலும் 40 லட்சம் இல்லை.

மற்றவர்களுக்கு: ஜிமேட் ஸ்கோர் 5 வருஷம் செல்லும். கணக்கு மறக்கும் முன் இப்போதே எழுதிவிடுங்க. ஐஇஎல்டிஎஸ் 2 வருஷம்தான், அதை அவசரப்பட்டு எழுதாதீங்க. எஸ்ஓபி-யை முதலில் தமிழில், பேசுகிற தமிழில் எழுதுங்க. வீட்டில் படித்துக் காட்டுங்க. "அப்படின்னா என்ன?" என்று அவர்கள் கேட்கிற இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம். மிச்சம் நிற்பதை இங்கிலீஷில் எழுதினால் போதும், அதுக்குக் கன்சல்டன்சி தேவைப்படாது.

நான் இந்த வருஷம் விண்ணப்பிக்கவில்லை. லோன் ஃபார்ம் வீட்டு அலமாரியில்தான் இருக்கு, பத்திரமும் அதே அலமாரியில். ஜிமேட்டுக்குப் படிக்கிறேன். பிளேஸ்மென்ட்டில் எது கிடைத்தாலும் போவேன்.

உங்க வீட்டில் இன்னிக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. கையெழுத்து போடப் போகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி பதில் வந்தால், தைரியமா விண்ணப்பியுங்க.