சொல்லாமல் போய்ப் பார்த்தோம்



இந்த மாதம் நான் வேவு பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன். வேவு என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைத்த காலம் நம் எல்லோருக்கும் இருந்தது. இது அந்த வேவு அல்ல. ஓர் உம்மாவுக்கு நல்ல இருப்பிடம் தேடி நானும் என் தோழியும் அலைந்த கதை.

எங்கள் ஒழுங்கையில் ஓர் உம்மா தனியே இருக்கிறார். வயது எழுபத்தாறு. 1990 ஆம் ஆண்டு வன்செயலில் கணவரையும் மூத்த மகனையும் பறிகொடுத்தவர். 2004 டிசெம்பர் 26 இல் கடற்கரையோரத்து வீட்டையும் சுனாமி கொண்டு போனது. மிஞ்சிய ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். போன நோன்புக்கு முன்னர் ஓர் இரவு இந்த உம்மா குளியலறையில் விழுந்து, சுபஹுத் தொழுகைக்குப் பக்கத்து வீட்டார் எழும்பும் வரைக்கும் ஈரத்திலேயே கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மகளின் மனம் முறிந்து விட்டது.

"ராத்தா, உம்மாவத் தனிய உட்டுட்டு எனக்கு இங்க நிம்மதி இல்ல. நல்ல எடம் ஒண்டு பாருங்க. செலவ நான் அனுப்புறன். உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்று தொலைபேசியில் அழுதாள்.

முதியோர் இல்லம் என்றால் நமது ஊர்களில் முகம் சுளிப்பார்கள். பெற்றவளை இல்லத்தில் விட்டாள் என்ற பேச்சு ஒரு பெண்ணை ஆயுளுக்கும் துரத்தும். ஆனால் அப்படிப் பேசுகிற எவரும் அந்த இரவில் குளியலறைக் கதவைத் தட்டவில்லை. எனவே நான் புறப்பட்டேன்.

முதலில் ஓர் இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனேன். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலப் பயணம். நல்ல வரவேற்பு. தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வந்தன. கட்டில்களில் புதிய விரிப்புகள். கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. பகல் சாப்பாட்டில் மீன் இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. வெளியே வரும்போது வாசலில் இருந்த ஒரு வயோதிப அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "புள்ள, நாளைக்கும் வாங்க. ஆக்கள் வாற நாளிலதான் மீன்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

என்னோடு வேலை செய்யும் பாண்டிருப்புத் தோழியிடம் இதைச் சொன்னேன். "அப்ப சொல்லாமப் போவம்" என்றார் அவர். கடைகளும் வங்கிகளும் தங்கள் ஊழியர் எப்படி நடக்கிறார்கள் என்று அறிய, யாரோ ஒருவரை வாடிக்கையாளர் போல அனுப்பிப் பார்ப்பது உண்டு. வந்தவர் யாரென்று ஊழியருக்குத் தெரியாது. மர்ம வாடிக்கையாளர் என்று அவரைச் சொல்வார்கள். நெதர்லாந்து நாட்டின் சுகாதாரப் பரிசோதனைத் துறை இதே முறையை முதியோர் பராமரிப்பு நிலையங்களில் பரீட்சித்துப் பார்த்தது. அதைப் பற்றிய ஆய்வு 2015 இல் வெளியாகியது.

இன்னுமொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பற்றீஷியா மூர் என்னும் வடிவமைப்பாளர், 1979 இல் தமது 26 ஆவது வயதில், எண்பது வயதைக் கடந்த கிழவியாக வேடமிட்டு வீதியில் இறங்கினார். பார்வை மங்கும் கண்ணாடி போட்டார். காதை அடைத்தார். காலை மடக்க முடியாமல் கட்டினார். 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் இப்படி நடந்து பார்த்தார். வயது போனவளை உலகம் எப்படி நடத்துகிறது என்பதை அவர் தமது உடம்பிலேயே அறிந்து கொண்டார்.

நமக்கு வேடம் தேவையில்லை. பொய்யும் தேவையில்லை. நாங்கள் உண்மையாகவே இடம் தேடித்தான் போனோம். முன்கூட்டிச் சொல்லாமல் போனோம், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு அதே இல்லத்தின் வாசலில் நின்றோம். புதிய விரிப்புகளைக் காணவில்லை. பின்பக்க அறையொன்று வெளியே பூட்டப்பட்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. "ஏழாம் நம்பர், தேத்தண்ணிக்கு வாங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். ஏழாம் இலக்கக் கட்டிலில் இருந்தவருக்கும் ஒரு பெயர் இருக்கும் அல்லவா? அகதி முகாமில் அட்டை இலக்கமாக வாழ்ந்தவர்கள் நாம். கடைசிக் காலத்திலும் இலக்கமா என்று என் தோழியின் கண் கலங்கியது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. முப்பது பேருக்கு அந்த நேரம் இரண்டே பெண்கள்தான் வேலையில் நின்றார்கள். இருவரும் கணவனை இழந்தவர்கள். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து நிற்பதாகச் சொன்னார்கள். "ஒரு ஆள மலசலகூடத்துக்குக் கூட்டிப் போனா மற்ற ஆள் எழும்பி விழுந்திடுவா. அதுதான் பூட்டுறம்" என்றார் ஒருவர். பூட்டியது பிழைதான். ஆட்களைப் போடாதவர்களின் பிழை அதைவிடப் பெரியது.

அடுத்த வாரம் வேறோர் இல்லத்துக்குப் போனோம். இதற்கும் சொல்லவில்லை. சுண்ணாம்பு உரிந்த பழைய கட்டடம். பொறுப்பான அம்மா பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "உள்ள போய்ப் பாருங்க, கை கழுவிட்டு வாறன்" என்றார். எங்களோடு ஆள் அனுப்பவில்லை. மூன்று வயோதிபப் பெண்கள் பாயில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவரின் கட்டில் மட்டும் வாசலோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "பிரச்சின காலத்திலயிருந்து கதவு சாத்தினா அவவுக்கு மூச்சு முட்டும். வாசலுக்குப் பக்கத்தில போட்டு, ராவைக்கு ஒரு சின்ன லைட்டும் வைக்கிறம்" என்றார் அந்த அம்மா. அங்கேயும் குறை இருந்தது. மலசலகூடப் படி உயரம்; பிடித்து எழும்பக் கம்பி இல்லை. அதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை, குறித்து வைத்தார்.

சகோதரிகளே, இப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு தடவை போங்கள், வெவ்வேறு நேரத்தில். ஒரு தடவையாவது சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும்.

2. விறாந்தையில் கதிரை தந்தால் இருந்து விடாதீர்கள். மலசலகூடம், குளிக்குமிடம், குசினி மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். தரை ஈரமா, பிடிகம்பி உண்டா, இரவில் வெளிச்சம் உண்டா?

3. கட்டிலில் இருப்பவரின் கைக்குத் தண்ணீர் எட்டுகிறதா?

4. எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பெயர் சொல்லியா, முறை சொல்லியா, இலக்கம் சொல்லியா?

5. இரவில் எத்தனை பேர் கடமையில் இருப்பார்கள்? திடீர் வருத்தம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வாகனத்தில் கொண்டு போவார்கள்?

6. வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கின்ற அம்மாவை என்ன செய்வார்கள்? அதட்டுவார்களா, பக்கத்தில் இருப்பார்களா? யுத்தத்தைக் கண்ட பெண்களுக்கு இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

7. தொழவும் கும்பிடவும் வசதி உண்டா? ஒளூச் செய்யத் தண்ணீர் கிட்டவா? ஆகாத உணவைத் தவிர்ப்பார்களா?

8. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கொடுப்பனவுப் பணம் யாருடைய கையில் இருக்கும்? செலவுக்குக் கணக்குக் காட்டுவார்களா?

9. அங்கு இருக்கும் ஒருவரோடு தனியே கதைக்க விடுகிறார்களா? விடாவிட்டால் அதுவே ஒரு பதில்.

ஒரு வேண்டுகோள். அங்கு இருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். அது அவர்களது வீடு. கண்டது பாரதூரமான குறையாக இருந்தால், ஊரெல்லாம் சொல்லித் திரிவதை விட உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமோ முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ எழுத்தில் கொடுங்கள். நாங்கள் பூட்டிய அறையைப் பற்றி அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்.

நமது நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 60 வயதானவர் முதியவர். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது. தம்மைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவைப் பெற, அதற்கென உள்ள சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியவர்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் கடமை. முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதும் அதற்கு மேலுமானவர்கள். நம் கணக்கோ இன்னும் கிட்டவானது. 1990 இல் இருபத்தைந்து வயதில் கணவனை இழந்தவளுக்கு 2025 இல் அறுபது வயது. பிள்ளைகளை வளர்க்கவே ஓடிய கால்கள் ஓய்ந்து விட்டன. நாளை நமக்கு யார் என்ற கேள்வி நம் ஒவ்வொருவரின் வாசலிலும் நிற்கிறது.

இனி, என் வீட்டுக் கதை. நமது கரையோரத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடித்துக் கொடுக்கும்போது வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போவார்கள். என் உம்மாவும் அப்படித்தான் என் வீட்டின் பின்னறையில் இருக்கிறார். இல்லங்களைப் பார்த்து வந்த பின்னர் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு நாள் வேலையிலிருந்து நேரத்தோடு புறப்பட்டு, முன்வாசலால் போகாமல் பின் கடப்பால் சத்தமின்றி நுழைந்தேன்.

உம்மாவின் சோறு மூடியபடி ஆறிக் கிடந்தது. தண்ணீர்ச் செம்பு யன்னல் கட்டில் இருந்தது, கைக்கு எட்டாது. அறை லைட் எரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரெண்டு கிழமையாகுது மனே. நீ வேலயால களச்சு வாறாய், அதான் சொல்லல்ல" என்றார். குளியலறையில் பிடிகம்பி? என் வீட்டிலும் இல்லை. ஊரான் இல்லத்துக்கு ஒன்பது கேள்வி எழுதியவள், அதே ஒன்பதுக்கும் என் வீட்டில் பதில் தேடித் தலைகுனிந்தேன். அன்றைக்கே லைட் போட்டோம். மறுநாள் மேசன் வந்து கம்பி பொருத்தினார்.

வீட்டை எழுதிக் கொடுக்க இருக்கும் தாய்மாருக்கு ஒரு சொல். உறுதி முடிக்கும்போது உங்கள் சீவிய உரித்தை வைத்து எழுதுவது பற்றி நொத்தாரிசிடம் கேளுங்கள். வீடு மகளுக்கே போகும். உயிர் உள்ளவரை அதில் இருக்கும் உரிமை உங்களிடம் இருக்கும். இது மகளில் நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளை வீடு கைமாறினாலும் நீங்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக.

அந்த உம்மாவின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். இத்தனை ஓட்டத்திலும் நாங்கள் ஒருவரும் அவரிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போய் இருந்து, இரண்டு இடத்தையும் கண்டபடியே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கயிருந்து கடல் எவ்வளவு தூரம், மனே?"

என் ஒன்பது கேள்விகளில் அது இல்லை. இரண்டாவது இல்லத்திலிருந்து கடல் தூரம்தான், அலைச் சத்தம் கேட்காது என்றேன். "அப்ப ஒரு மாசம் இருந்து பாக்கிறன். புடிக்காட்டித் திருப்பிக் கூட்டி வரணும்" என்றார். குவைத்திலிருந்த மகளும் சம்மதித்தாள். இங்குள்ள வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது; அவர் எந்த நாளும் திரும்பி வரலாம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் உம்மாவோ அம்மாவோ இருப்பார். முதலில் அவரிடம் கேளுங்கள். அவருக்கு வேண்டிய பத்தாவது கேள்வி எது என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

இந்த மாதம் நானும் என் தோழியும் அந்த உம்மாவைப் பார்க்கப் போவோம். எந்த நாள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.