இரட்டை நோய்க்கு இணை மருந்து: பொறுப்பு சந்தையுடையதல்ல

இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கும் அதிகம். வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு தரும் கணக்கு இது. இரு நோய்களும் ஓருடலில் சேரும்போது இதயம், மூளை, சிறுநீரகம், விழித்திரை அனைத்தும் ஒருசேரத் தாக்கப்படுகின்றன.

இத்தகையோரில் பெரும்பாலோருக்கு ஒரே மருந்தால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வருவதில்லை. ரத்தக் குழாய்கள் சுருங்குவதும், உடலில் உப்பும் நீரும் தேங்குவதும் அழுத்தத்தை உயர்த்துகின்றன. எனவே, வெவ்வேறு வழியில் செயல்படும் இரு மருந்துகளை இணைப்பது அறிவியல்பூர்வமானது. இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளில் 11,140 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'அட்வான்ஸ்' ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. பெரிண்டோபிரில், இண்டபமைடு இணைந்த மாத்திரையை உட்கொண்டோரிடையே மரணம் 14 சதவீதம் குறைந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் ரத்த அழுத்தத்திற்கான இணை மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால், எல்லா இணைப்பும் மருத்துவமல்ல. ராமிபிரிலையும் டெல்மிசார்ட்டனையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை; சிறுநீரகத்திற்குக் கேடே மிஞ்சும் என்பது 2008இல் தெளிவாயிற்று. நம் நாட்டிலோ மருந்து முதலாளிகளுக்கு இணைப்பு என்பது விற்பனை உத்தி. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை ஒன்றிய அரசு தடை செய்தபோது நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. மறுபரிசீலனைக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. அவற்றுள் நீரிழிவு மருந்துகளும் இருந்தன. அதுவரை அவற்றை விழுங்கியவர்கள் மக்களே.

விலையின் கதையும் இதுதான். 1995ஆம் ஆண்டு ஆணை உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்டு விலை நிர்ணயித்தது. 2013ஆம் ஆண்டு ஆணையோ சந்தை விலைகளின் சராசரியையே உச்சவரம்பாக்கியது. கொள்ளை விலையைச் சராசரியாக்கினால் அது நியாய விலையாகிவிடுமா? ரத்த அழுத்தம் வலிப்பதில்லை. ஆகவே, வேலை கிடைக்காத வாரத்தில் கூலித் தொழிலாளி முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். பக்கவாதம் வந்த பிறகே அதன் உண்மை விலை குடும்பத்திற்குத் தெரிகிறது.

மலிவு விலை மக்கள் மருந்தகங்கள் இதற்குத் தீர்வாகா. அங்கும் வாழ்நாள் முழுதும் நோயாளியே பணம் கொடுக்க வேண்டும். 1961இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.ஐ மூட 2016இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்பாதை மாற வேண்டும். பயன் நிரூபிக்கப்பட்ட இணை மருந்துகள் பொதுத்துறையில் உற்பத்தியாக வேண்டும். அவை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடையின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும். செலவு அடிப்படையிலான விலைக் கட்டுப்பாடு மீள வேண்டும். ஊதியம், வேலைப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளின் வரிசையில் இவற்றையும் தொழிற்சங்க மேடைகளுக்குக் கொண்டுசெல்வது நமது கடமை.