போஸ் லிஸ்ட்டை மூடிட்டு அவங்ககிட்ட கேளுங்க

நம்ம காலேஜில் கேமரா வச்சிருக்கிற பசங்க பல பேர் இப்போ கல்யாண ஆர்டரோடு சேர்த்து மெட்டர்னிட்டி ஷூட்டும் எடுக்கிறாங்க. நல்ல விஷயம்தான். லென்ஸ் வாடகை, பெட்ரோல், சில சமயம் செமஸ்டர் ஃபீஸ்ல ஒரு பகுதி கூட அதுல வந்துடுது. எங்கே ஷூட்னு கேட்டா பாதிப் பேர் சொல்ற பேர் புதுமடம். கூட்டம் குறைவு, நீளமான மணல், கண்ணுக்கெட்டுற வரைக்கும் கடல். லொக்கேஷன்ல ஒரு குறையும் இல்ல. ஆனா முதல் நாள் ராத்திரி "அவுட்டோர் மெட்டர்னிட்டி போஸ் 50"னு தேடி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு, மறுநாள் அதே வரிசையில ஒரு ஏழு மாசக் கர்ப்பிணியை நிக்க வைக்கிறோமே, குறை அங்கேதான் இருக்கு. அந்த லிஸ்ட் எழுதினவங்களுக்கு நம்ம கரையும் தெரியாது, கேமரா முன்னாடி நிக்கிற அக்காவையும் தெரியாது.

ஒரு கை வயித்துக்கு மேல, ஒரு கை கீழ, உடம்பைப் பக்கவாட்டா திருப்பின போஸ் எல்லா லிஸ்ட்லயும் இருக்கும். அதுக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது 1991 ஆகஸ்ட் மாத 'வேனிட்டி ஃபேர்' அட்டை. நடிகை டெமி மூர் ஏழு மாசக் கர்ப்பிணியா இருந்தப்போ ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். அமெரிக்காவுலேயே அதுக்குப் பெரிய எதிர்ப்பு. சில கடைகள்ல அட்டையை மறைச்சுதான் வித்தாங்க. நம்ம பக்கத்துல 'வாரணம் ஆயிரம்' சமீரா ரெட்டி 2019-ல தண்ணிக்கு அடியில எடுத்துக்கிட்ட படங்கள் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். இது ரெண்டுலயும் அந்தப் பெண்கள் தாங்களே முடிவு பண்ணி நின்னாங்க. நாம காப்பி அடிக்கிறது கை வச்ச விதத்தை மட்டும். அவங்க எடுத்த முடிவை விட்டுடுறோம்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நம்ம ஊருக்கு எதுக்கு"ன்னு சொல்றவங்க, வீட்டு பீரோவுல இருக்கிற பழைய ஆல்பத்தைத் திறந்து பாருங்க. வளைகாப்புக்குப் பூ ஜடை தைச்சு, கை நிறைய வளையலோட ஸ்டூடியோவுக்குப் போய், பின்னாடி ஒரு கண்ணாடியை வச்சு, முகமும் ஜடையும் ஒரே படத்துல விழுற மாதிரி எடுத்த படம் பாட்டி காலத்துலேயே உண்டு. அது நம்ம ஊர் மெட்டர்னிட்டி போஸ். அதுல வயிறு மெயின் சப்ஜெக்ட் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அன்னைக்கு எது பெருமையோ அதுதான் சப்ஜெக்ட். அதைக் காட்டத்தான் அந்த ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைத் தேடிப் பிடிச்சார். நாமளும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்போ கரைக்கு வருவோம். புதுமடம் கரை கிட்டத்தட்ட கிழக்கு மேற்கா ஓடுது, கடல் தெற்கே இருக்கு. மார்கழியில சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், மறையறதும் அதே மாதிரி தெற்கே தள்ளித்தான். அதனால காலை, மாலை ரெண்டு வேளையும் வெளிச்சம் கடல் பக்கமிருந்து வரும். கடலைப் பின்னணியா வச்சா முகம் இருட்டும். பக்கவாட்டு சில்ஹவுட் எடுக்க அதுதான் சரியான மாசம். ஆனியில கதை தலைகீழ். சூரியன் ஊர்ப்பக்கம் உதிச்சு ஊர்ப்பக்கமே மறையும். கடலுக்கு முதுகு காட்டி நின்னா முகத்துல அழகா வெளிச்சம் விழும். ஆனி மாசத்துல சில்ஹவுட் வேணும்னு ஒரு கர்ப்பிணியை அங்கேயும் இங்கேயும் நடக்க விடுறதுல அர்த்தமே இல்ல.

அப்புறம் அந்த "கோல்டன் ஹவர்". பேர்லதான் ஹவர் இருக்கு. நம்ம 9 டிகிரி அட்சரேகையில சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்கும். 6 டிகிரி உயரத்துல இருந்து தொடுவானத்தைத் தொட 25 நிமிஷத்துச் சொச்சம்தான். லண்டன்ல அதுக்கே சீசனைப் பொறுத்து சுமார் 40லிருந்து 50 நிமிஷம் ஆகும். 25 நிமிஷத்துல 50 போஸ்னா போஸுக்கு 30 செகண்ட். அதுக்குப் பேர் ஷூட் இல்ல மக்களே, டிரில் பீரியட். அஞ்சு போஸ் போதும்.

காத்தையும் கணக்குல எடுங்க. ஆனி, ஆடியில கச்சான் அடிக்கும்போது மன்னார் வளைகுடா பக்கம் அலை ஜாஸ்தி, மணலும் முகத்துல அடிக்கும். பறக்குற நீளக் கவுன் படத்துல நல்லாத்தான் இருக்கும். அதோட ஓரம் நனைஞ்சு காலைச் சுத்திக்கிட்டா என்ன ஆகும்னு யோசிங்க. அந்தச் சீசன்ல உச்சிப்புளியைத் தாண்டி வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அரியமான் போனா தண்ணி அமைதியா இருக்கும். வாடைக் காத்து மாசங்கள்ல அது மாறிடும். சந்தேகம்னா கரையில வலை பிரிச்சுக்கிட்டு இருக்கிற அண்ணன்கிட்ட கேளுங்க, எந்த ஆப்பையும் விடச் சரியா சொல்வார். அவரோட வல்லத்துல சாய்ஞ்சு படம் எடுக்கணும்னாலும் கேட்டுட்டு எடுங்க. நமக்கு பேக்கிரவுண்டா தெரியறது அவருக்குப் பொழப்பு.

உடம்பு விஷயம் இதைவிட முக்கியம். வயிறு பெரிசாகும்போது ஈர்ப்பு மையம் முன்னாடி தள்ளிப் போகும், அதைச் சரிக்கட்ட முதுகு பின்னாடி வளையும். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் படிச்ச நமக்கே இது தெரியணும். சரிவான ஈர மணல்ல ஒத்தைக் கால்ல நிக்கிறது, குதிகால் தூக்கிக் கணவரை எட்டுறது, பாறை மேல ஏறுறது எல்லாத்தையும் லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. கால் ரெண்டையும் கொஞ்சம் அகட்டி, எடையைப் பின் காலுக்குக் கொடுத்து, முன் முழங்காலை லேசா மடக்கினா போதும், வடிவம் தானா வரும். மணல்ல மல்லாக்கப் படுக்க வச்சு மேலிருந்து எடுக்கிறதும் வேண்டாம். பாதி மாசம் தாண்டின பிறகு மல்லாந்து படுத்தா கர்ப்பப்பையோட எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுத்தும். படுக்கணும்னா இடது பக்கம் சாய்ஞ்சு படுக்கட்டும். ட்ரோன் ஆசை இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு: உச்சிப்புளியில கடற்படையோட ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கு. அனுமதி இல்லாம அந்த ஏரியாவுல எதையும் மேலே தூக்காதீங்க.

லிஸ்ட்ல வராத ஒரு விஷயம் பாத்ரூம். கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி போகணும். கரையில வசதி இல்லன்னு தெரிஞ்சா தண்ணியே குடிக்காம வந்து வெயில்ல நிப்பாங்க, வாய் திறந்து சொல்லவும் மாட்டாங்க. பக்கத்துல தெரிஞ்ச வீடு ஒண்ணு பேசி வச்சுக்கிட்டு, ஒரு ஸ்டூலும் தண்ணியும் எடுத்துக்கிட்டுப் போங்க. ரிஃப்ளெக்டரைவிட அது முக்கியம்.

லிஸ்ட்ல பாதிப் போஸ் கணவரை நம்பி இருக்கு. மண்டி போட்டு வயித்துல முத்தம், பின்னாலிருந்து அணைப்பு, இப்படி. நம்ம கரையோர ஊர்கள்ல எத்தனை வீட்டுல கணவர் துபாய்லயும் சவுதியிலயும் இருக்கார்! அந்த அக்கா தனியா நின்னா படம் குறைஞ்சு போயிடுமா? உம்மா தலை பின்னி விடுறது, மாமியோட கை பிடிச்சு மணல்ல நடக்கிறது, மூத்த பிள்ளை வயித்துல காது வச்சுக் கேக்கிறது, வாட்ஸ்அப் வீடியோ கால்ல அவர் முகம் தெரியற போனைப் பிடிச்சிருக்கிற கை. இதெல்லாம் அந்த வீட்டோட உண்மை. முகம் காட்ட விருப்பமில்லாதவங்களுக்கும் படம் இருக்கு: மணல்ல விழுற நீள நிழல், மருதாணிக் கை, கடலைப் பார்த்து நிக்கிற முதுகு. முகம் இல்லாட்டியும் தன்னோட படம்னு அவங்களுக்குத் தெரியும்.

கடைசியா, அப்லோட். "இன்ஸ்டால போடட்டுமா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க. அதை சம்மதம்னு எடுத்துக்காதீங்க. அப்புறமா அவங்ககிட்ட மட்டும் தனியா கேளுங்க. கண்ணு படும்னு நினைச்சாலும் சரி, வெறுமனே பிடிக்கலன்னாலும் சரி, வேண்டாம்னா வேண்டாம்தான். சரின்னு சொன்னாலும் பிரசவம் முடியற வரைக்கும் பொறுத்திருந்து இன்னொரு தடவை கேளுங்க. எல்லாக் கர்ப்பமும் கையில குழந்தையோட முடியறதில்ல. அப்படி ஒண்ணு நடந்த வீட்டுல, நம்ம பேஜ் விளம்பரத்துல அந்தப் படம் மறுபடி மறுபடி வந்து நின்னா அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அடுத்த ஷூட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பதிலா மூணு கேள்வி எடுத்துட்டுப் போங்க: "உங்களுக்கு எப்படி இருந்தா வசதி? கூட யார் இருக்கணும்? இந்தப் படத்தை யார் யார் பார்க்கலாம்?" பதில் வந்ததுக்கு அப்புறம் கேமராவை வெளியே எடுத்தா போதும்.